உட்செவியும் முதுமையின் தள்ளாட்டமும்

1958-இல் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டு காலம், அமெரிக்கக் கடற்படையின் விமான மருத்துவப் பள்ளியும் நாசாவும் சேர்ந்து காது கேளாத 11 ஆண்களிடம் ஆய்வுகள் நடத்தின. வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்று இயங்கிவந்த கேலடெட் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒருவரைத் தவிர மற்ற 10 பேருக்கும் சிறுவயதில் மூளை உறைக் காய்ச்சல் வந்து, கேட்கும் திறனோடு உட்செவியின் சமநிலை உறுப்பும் செயலிழந்திருந்தது. நிமிடத்துக்கு 10 சுற்று வீதம் ஓயாமல் சுழலும் அறையில் அவர்களில் 4 பேர் தொடர்ந்து 12 நாள் குடியிருந்தார்கள். நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலிலும் அவர்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டாடிக்கொண்டிருக்க, ஆய்வாளர்கள்தான் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். சோதனையை நிறுத்தித் திரும்ப வேண்டியதாயிற்று.

உறுப்பே வேலைசெய்யாதவர்கள் ஆடும் கப்பலில் அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். அதே உறுப்பில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் 75 வயதுக்காரர், இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது ஏன் விழுகிறார்? "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். பல மருத்துவர்களும் அதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு 6,84,000 பேர். அவர்களில் பெரும்பங்கு முதியவர்கள். அப்படிச் சொல்லிக் கடந்துபோக முடியாத எண்ணிக்கை இது. இந்தத் துறையின் இருநூறு ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: காது நடுவயதிலேயே சத்தமில்லாமல் தேயத் தொடங்கிவிடுகிறது. கண்ணும் பாதமும் மூளையும் அந்தக் குறையை வெகுகாலம் வெளியே தெரியாமல் ஈடுகட்டுகின்றன. விழுவது, ஈடுகட்டும் இந்த மூன்றும் தளரும்போதுதான். ஆனால் நாம் சிகிச்சை தேடுவதெல்லாம் காதுக்கும் கழுத்துக்கும்தான்.

முதலில் உறுப்பைப் பார்க்கலாம். காதுக்குப் பின்னால், உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றுக்குள் குடைந்த வளைகளில் அது உட்கார்ந்திருக்கிறது. கேட்பதற்கான நத்தைச் சுருள் முன்பக்கம். சமநிலைக்கான பகுதி பின்பக்கம். பின்பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உண்டு. மூன்று குழல்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால் தலை எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதாவது ஒன்றுக்குத் தெரிந்துவிடும். குழலுக்குள் நீர் போன்ற திரவம். தலை திரும்பும்போது எலும்பு உடனே திரும்பிவிடுகிறது, திரவம் ஒரு கணம் பின்தங்குகிறது. பின்தங்கிய திரவம் குழலின் ஒரு முனையில் தடுப்பாக நிற்கும் கியூபுலா என்ற ஜெல் படலத்தைத் தள்ள, அதற்குள் செருகியிருக்கும் ரோமச் செல்களின் ரோமங்கள் வளைகின்றன. அந்த வளைவே நரம்பில் ஏறும் செய்தி.

தட்டாமாலை சுற்றிய பிள்ளைகளுக்கு இதன் குறை தெரியும். ஒரே வேகத்தில் தொடர்ந்து சுற்றினால் திரவமும் எலும்பின் வேகத்தைப் பிடித்துவிடுகிறது, படலம் நிமிர்ந்துவிடுகிறது, சுற்றும் உணர்வு மங்குகிறது. சட்டென்று நின்றால் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடி, படலத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நின்ற பிள்ளைக்கு உலகம் சுற்றுகிறது. படலம் சில விநாடிகளில் நிமிர்ந்துவிட்டாலும் மூளை அந்தச் செய்தியைச் சேமித்துவைத்து இழுத்து நீட்டுவதால்தான் கிறுகிறுப்பு அதைவிட நெடுநேரம் நிற்கிறது. காது சொல்வதை மூளை அப்படியே ஏற்பதில்லை, திருத்தி எழுதுகிறது என்பதற்கு இது முதல் சான்று.

யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரு பைகளின் வேலை வேறு. அவற்றின் உள்தரையில் ரோமச் செல்கள் அடர்ந்திருக்கின்றன, அவற்றின்மேல் ஒரு ஜெல் விரிப்பு. விரிப்பின்மேல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கின்றன. திரவத்தைவிடக் கனமானவை ஆதலால் தலை சாய்ந்தால் இவை சரியும். பேருந்து சட்டென்று கிளம்பினாலும் சரியும். சாய்வையும் வேக மாற்றத்தையும் இந்தப் பைகளால் பிரித்தறியவே முடியாது. புவியீர்ப்பும் முடுக்கமும் அளவிடும் கருவிக்கு ஒன்றுதான் என்று ஐன்ஸ்டைன் சொன்ன அதே சிக்கல். குழல்களின் செய்தியையும் கண்ணின் செய்தியையும் ஒப்பிட்டே மூளை இதைத் தீர்க்கிறது. இருட்டில் விமானம் மேலெழும்பும் வேளையில், வெறும் வேகக் கூடுதலை மூக்கு மேலே தூக்கியதாக எண்ணி, விமானத்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்ட விமானிகள் உண்டு. கண் இல்லாத இடத்தில் காது எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை அவர்கள் உயிரைக் கொடுத்துக் காட்டினார்கள்.

ரோமச் செல்கள் சும்மா இருக்கும்போதும் அவற்றின் நரம்பு சும்மா இருப்பதில்லை. குரங்குகளில் அளந்தபோது, தலை அசையாதபோதும் ஒவ்வொரு நரம்பிழையும் விநாடிக்கு ஏறக்குறைய 90 துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. தலை இடப்பக்கம் திரும்பினால் இடக்காதின் துடிப்பு கூடும், வலக்காதின் துடிப்பு குறையும். மூளை பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் வண்டி ஒருபக்கமாகத் திரும்புவதுபோல், வைரஸ் தாக்கி ஒரு காதின் நரம்பு திடீரென்று ஓய்ந்தால் கட்டிலில் அசையாமல் கிடப்பவருக்கும் உலகம் ராட்டினமாகச் சுற்றும். இரண்டு காதும் சமமாக, மெதுவாகக் குறைந்தால்? வித்தியாசம் எழாது, சுற்றலும் வராது. முதுமையில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை.

இந்தச் செய்தி எங்கே போகிறது என்பதில் முக்கியமான பாதை ஒன்று உண்டு. தலை ஒருபுறம் திரும்பிய 10 மில்லி விநாடிக்குள் விழிகள் அதே அளவுக்கு எதிர்ப்புறம் திரும்பிவிடுகின்றன. உடலின் மிக வேகமான அனிச்சைச் செயல்களில் ஒன்று இது. இது இல்லையென்றால் நடக்கும்போது கடைப் பலகையைப் படிக்க முடியாது, எதிரே வருபவரின் முகம் குலுங்கும். விழி திரும்பும் அளவைத் தலை திரும்பிய அளவால் வகுத்து வரும் எண் இளையவர்களிடம் ஏறக்குறைய 1. அந்த எண்ணை நாள்தோறும் சரிபார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை. கண்ணாடியின் பவர் மாறினால்கூடத் திருத்தம் தேவைப்படும்; புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாள் தரை மிதப்பதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1970களில் காட்சியை இடவலமாகப் புரட்டிக் காட்டும் கண்ணாடிகளைச் சிலருக்கு வாரக்கணக்கில் அணிவித்துப் பார்த்தார்கள். அனிச்சையின் திசையே புரளும் அளவுக்கு மூளை தன்னை மாற்றிக்கொண்டது.

இவையெல்லாம் தெரிந்த கதை வேடிக்கையானது. 1824-இல் பாரிஸில் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். எந்தக் குழல் வெட்டுப்பட்டதோ அதன் தளத்திலேயே பறவையின் தலை ஆடியது. ஆனால் காது கேட்பதற்கானது என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருந்ததால் முழுப் பொருளும் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1861-இல் மெனியேர், கடுந்தலைசுற்றல் மூளை வலிப்பல்ல, உட்செவியிலிருந்தும் வரலாம் என்று எழுதினார். 1870களில் மாக், பிராயர், கிரம் பிரவுன் மூவரும் தனித்தனியே திரவம் பின்தங்கும் கோட்பாட்டை எட்டினார்கள். தத்துவவாதி என்று நாம் அறிந்த வில்லியம் ஜேம்ஸும் இதில் இருக்கிறார்: காது கேளாத 500-க்கும் மேற்பட்டவர்களைச் சுழற்றிப் பார்த்து, அவர்களில் கணிசமானோருக்குத் தலையே சுற்றவில்லை என்று 1882-இல் எழுதினார். கேலடெட் ஆய்வுக்கு முக்கால் நூற்றாண்டு முந்தைய அவதானிப்பு.

வியன்னாவின் ராபர்ட் பாரானியோ ஒரு நோயாளியின் முணுமுணுப்பிலிருந்து பிடித்தார். காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் ஒரு திசையிலும் சூடாக இருந்தால் எதிர்த்திசையிலும் கண் துடிப்பதைக் கண்டு, ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் முறையை உருவாக்கினார். 1914-க்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யப் போர்க்கைதிகள் முகாமில் இருந்தார். சூடான திரவம் மேலெழுந்து ஓட்டத்தை உண்டாக்குகிறது என்பது அவர் தந்த விளக்கம். 1983-இல் விண்வெளியில், மேலும் கீழும் இல்லாத இடத்தில், இதே சோதனையைச் செய்தார்கள். அங்கேயும் கண் துடித்தது. விளக்கம் முழுமையல்ல என்றானது. சோதனை மட்டும் இன்றுவரை நிற்கிறது.

இனி முதுமை. இறந்தவர்களின் உட்செவிகளை நுண்ணோக்கியில் வைத்து ரோமச் செல்களை எண்ணும் பொறுமை 1970களின் ஸ்வீடன்காரர்களுக்கு இருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களிடம் குழல்களின் ரோமச் செல்களில் ஏறக்குறைய 40 சதவீதமும் பைகளில் ஏறக்குறைய 20 சதவீதமும் குறைந்திருப்பதாக ரோசன்ஹால் 1973-இல் எழுதினார். நரம்பிழைகளும் குறைகின்றன. அவற்றின் செல்கள் திரண்டிருக்கும் ஸ்கார்ப்பா முடிச்சும் மெலிகிறது. படிகங்கள் அரிக்கப்பட்டு, விளிம்பு உதிர்ந்து, துண்டாகின்றன. பறவைகள் ரோமச் செல்களைப் புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்பது 1980களில் உறுதியானது; நம் உட்செவியில் அந்த ஆற்றல் பேருக்குத்தான் இருக்கிறது. பிறக்கும்போது கொண்டுவந்ததை வைத்தே ஆயுளைக் கழிக்க வேண்டும்.

இதுவரை நேர்கோடுதான். வேலைத்திறனை அளக்கப் போனால்தான் குழப்பம். குழல்களில் அதிகச் செல்கள் போகின்றன என்றால் குழல்களை நம்பியிருக்கும் விழி அனிச்சை முதலில் சரிய வேண்டும். ஹால்மாகியும் கர்தாய்ஸும் 1988-இல் விவரித்த சோதனையில், நோயாளியை ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சடாரென்று சிறிதளவு திருப்புகிறார்கள். விழி புள்ளியை விட்டு நழுவுகிறதா என்று பார்க்கிறார்கள். இன்று வேகமான கேமரா பொருத்திய கண்ணாடியில் இதை அளக்கிறார்கள். 70 வயதிலும் பலருக்கு எண் இளையவர்களுடையதை ஒட்டியே நிற்கிறது; 80-ஐ நெருங்கும்போதுதான் சரிவு தெளிவாகிறது. மாறாக, குறைவாகத் தேய்ந்தவை என்று எண்ணப்பட்ட பைகளின் சோதனை முன்னதாகவே இறங்குகிறது. உரத்த ஒலிக்குக் கழுத்துத் தசை ஒரு கணம் தளர்வதை மின்முனை வைத்து அளக்கும் முறை அது. சாக்யூல் ஒலிக்கும் சிறிது அசைவதால் சாத்தியமாகிறது. இந்த இறக்கத்தில் காதின் பங்கு எவ்வளவு, கிழடு தட்டிய கழுத்துத் தசையின் பங்கு எவ்வளவு என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

பாஸ்டனில் மெர்ஃபெல்டின் குழு இன்னொரு வழியில் போனது. இருட்டில் நாற்காலியோடு ஆளை மிக மெதுவாக அசைத்து, எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். உணரக்கூடிய மிகச் சிறிய அசைவின் அளவு 40 வயதுவரை மாறவில்லை. அதன்பின் ஏறிக்கொண்டே போனது. 2016-இல் வெளியான இந்த முடிவைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பலத்த அசைவுக்கு விழி சரியாகத் திரும்புவது ஒன்று. மெல்லிய சாய்வைச் சாய்வென்று உணர்வது வேறு. அனிச்சையைச் சிறுமூளை பெருக்கிக் காட்டி மறைத்துவிட முடியும். மங்கிப்போன செய்தியில் இரைச்சலையும் பொருளையும் பிரிப்பது அதனாலும் ஆகாது. நிற்கும்போது உடல் சிறிது முன்சாய்வதை அரை விநாடி தாமதமாக அறிபவர், கால் எடுத்து வைத்துச் சமாளிக்கும் நேரத்தை இழக்கிறார்.

மக்கள்தொகை அளவில் அடிக்கடி எடுத்தாளப்படும் எண் அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்விலிருந்து வருகிறது. 40 வயதைத் தாண்டியவர்களில் 35.4 சதவீதத்தினருக்குச் சமநிலை உறுப்பில் கோளாறு என்று யூரி அகர்வாலும் சகாக்களும் 2009-இல் அறிவித்தார்கள்; 80-ஐத் தாண்டியவர்களில் அது 85 சதவீதத்தை ஒட்டியது. அளந்த முறை: மெத்தென்ற ஃபோம் விரிப்பில் கண்ணை மூடி நிற்கச் சொல்வது. விரிப்பு பாதத்தின் செய்தியைக் குழப்பும், மூடிய கண் பார்வையை நீக்கும், மிச்சம் காது மட்டும் என்பது தர்க்கம். மிச்சத்தில் முழங்கால் வலியும் கணுக்காலின் பலவீனமும் விழுந்துவிடுவோம் என்ற பயமும் இருக்கின்றனவே! 85 சதவீதம் என்பது காதின் எண் அல்ல, முழு உடலின் எண் என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் அதே ஆய்வு தந்த வேறொன்றைத் தள்ள முடியாது: இந்தச் சோதனையில் தவறி, தலைசுற்றலும் இருப்பதாகச் சொன்னவர்கள் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு. சர்க்கரை நோயாளிகளிடம் கோளாறுக்கான வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல். 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் இதைப் படிக்கும்போது, பாதத்தின் உணர்வும் காதின் உணர்வும் ஒரே நோயால் ஒருசேரக் குறையும் சாத்தியம் கண்ணில் உறுத்துகிறது.

பாரானியின் பெயரைத் தாங்கிய சர்வதேசச் சங்கம் 2019-இல் முதுமைச் சமநிலைக் குறைக்கு வரையறை தந்தது. 60 வயதுக்கு மேல், 3 மாதத்துக்குக் குறையாத தள்ளாட்டமோ நடைத்தடுமாற்றமோ, இரு காதிலும் மிதமாகக் குறைந்த விழி அனிச்சை: எண் 0.6-க்கும் 0.83-க்கும் இடையே. பெயர் சூட்டியது நல்லது. ஆனால் இந்த நோய் மட்டும் தனியாக உள்ளவரைக் கண்டுபிடிப்பது கடினம். காது மட்டும் மிதமாகக் குறைந்து, மற்ற எல்லாம் நன்றாக இருக்கும் முதியவர் பெரும்பாலும் தடுமாறுவதில்லை.

தேய்மானத்தைவிட இடப்பெயர்ச்சியே உடனடித் தொல்லை தருகிறது. யூட்ரிக்கிளின் படிகங்கள் உதிர்ந்து, பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. கட்டிலில் புரளும்போது, படுக்கும்போது, பரணில் இருப்பதை அண்ணாந்து பார்க்கும்போது அவை உருண்டு திரவத்தை இழுக்க, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் கடும் சுற்றல் வரும். ஐம்பது, அறுபது வயதுகளில் அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். பாரானி 1921-இல் விவரித்தார். டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952-இல் கண்டறியும் முறையைத் தந்தார்கள்: நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாத்தி, கண் துடிப்பைப் பார்ப்பது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஜான் எப்லி, தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் சுழற்றினால் துகள்களை வந்த வழியே வெளியேற்றலாம் என்று 1980-இல் சொன்னபோது சக மருத்துவர்கள் கேலி செய்தார்கள். கட்டுரை வெளியாக 1992 ஆயிற்று. இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சை அது. கத்தி இல்லை, மருந்து இல்லை, சில நிமிட வேலை. ஒன்றிரண்டு முறையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது.

முதியவர்களிடம் இதுவும் ஒளிந்துகொள்கிறது. "சுத்துது" என்று சொல்லாமல் "நடந்தா ஒரு மாதிரி அசத்துது" என்கிறார்கள். வேறு காரணங்களுக்காக முதியோர் மருத்துவமனைக்கு வந்த 100 பேரை 2000-இல் அமெரிக்காவில் சோதித்தபோது 9 பேரிடம் யாரும் கண்டுபிடிக்காத இடம்பெயர்ந்த படிகங்கள் இருந்தன. நம் ஊரில் இவர்கள் கழுத்து எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்ற தீர்ப்போடு கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அறுபது வயதுக் கழுத்தில் தேய்மானம் தெரியாத எக்ஸ்ரேதான் அபூர்வம்! பட்டை போட்டால் தலை அசைவது குறையும், சுற்றலும் குறைந்ததுபோல் தோன்றும். படிகம் இருந்த இடத்தில் இருக்கும். கொரியாவில் 957 பேரிடம் நடந்த, 2020-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது மறுபடி வருவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. காதின் கல்லும் எலும்பின் கல்லும் ஒரே கால்சியக் கணக்கில் இருப்பவை என்ற பழைய ஊகத்துக்கு இது பலம்.

திடீரென்று தொடங்கி மணிக்கணக்கில் நிற்கும் சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை வந்தால் அது வேறு கணக்கு. பக்கவாதமாக இருக்கலாம், காதைப் பற்றி யோசிக்கும் நேரமல்ல அது.

உறுப்பு ஒரேயடியாகப் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவரே எழுதி வைத்திருக்கிறார். முழங்கால் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டு இரு காதின் சமநிலை உறுப்பையும் இழந்த அவர், 1952-இல் ஜே. சி. என்ற முதலெழுத்துகளோடு எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. நெஞ்சுத் துடிப்பால் தலை அசைந்து எழுத்து குலுங்கியதால், கட்டிலின் கம்பிகளுக்கு இடையே தலையைச் செருகிக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. நடக்கும்போது நண்பர்களின் முகம் தெரியாது. பின்னர் அவர் ஓரளவு தேறினார்; காதுகள் தேறவில்லை, மற்றவை கற்றுக்கொண்டன. இந்த மருந்துக்கும் சென்னைக்கும் நேரான தொடர்பு உண்டு. 1956-இல் தொடங்கி இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் மையத்தில், வாரத்துக்கு இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சேர்ந்த சிகிச்சை சோதிக்கப்பட்டது. நாடெங்கும் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து அது. வயதானவர்களுக்கு அளவைக் குறைக்கும் வழக்கம் ஏற்பட்டதற்கு அவர்களின் காதும் சிறுநீரகமும் அதைத் தாங்காததே காரணம். அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. மருத்துவர்கள் பழைய காசநோயைப் பற்றிக் கேட்பது வீண் கேள்வி ஆகாது.

கேலடெட்காரர்களுக்கும் 75 வயதுக்காரருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அவர்கள் சிறுவயதிலேயே இழந்தார்கள். கூர்மையான கண், உணர்வுள்ள பாதம், வளைந்துகொடுக்கும் மூளை மூன்றும் இருந்தன. முதியவருக்குக் கண்ணில் புரை, பாதத்தில் மதமதப்பு, தொடையில் பலமில்லை. பிரிட்டனில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு முதல் கண்ணின் புரையைக் காலதாமதமின்றி அகற்றியபோது விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. காதை யாரும் தொடவில்லை! கண் சிகிச்சையை மலிவாகவும் பெருந்திரளாகவும் செய்வதில் உலகுக்கே வழிகாட்டிய மதுரை அரவிந்த் மருத்துவமனை இருக்கும் மாநிலத்தில், புரை அறுவையை விழுதல் தடுப்பாக யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

மாறாக, மாத்திரை பேசப்படுகிறது. சின்னாரிசைன், புரோகுளோர்பெரசைன் போன்றவை கடும் சுற்றல் உள்ள முதல் இரண்டு மூன்று நாளுக்கு நல்ல மருந்துகள். காதின் செய்தியை மங்கவைப்பதே அவற்றின் வேலை. மூளை புதிய கணக்குப் போட அந்தச் செய்தியே மூலதனம் ஆதலால், மாதக்கணக்கில் விழுங்கினால் ஈடுகட்டுதல் தடைபடுகிறது. முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் கொண்ட பார்கின்சன் சாயலை இதே மருந்துகள் உண்டாக்கலாம். அதற்கு இன்னொரு மாத்திரை எழுதப்படுவதும் உண்டு. பீட்டாஹிஸ்டின் அவ்வளவு தீங்கற்றது. ஆனால் மெனியேர் நோய்க்கு அதை 9 மாதம் கொடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு, வெற்று மாத்திரையைவிட அது மேலல்ல என்று 2016-இல் கண்டது. வெறும் முதுமைத் தள்ளாட்டத்துக்கு அது பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

நினைவாற்றலோடு முடிச்சுப் போடும் ஆய்வுகள் இப்போது பெருகிவருகின்றன. இரு காதின் சமநிலை நரம்பையும் இழந்த 10 பேரின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 17 சதவீதம் சிறுத்திருந்ததை 2005-இல் ஜெர்மனியின் பிராண்ட் குழு கண்டது. இடத்தை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி அது. பத்துப் பேர், முழு இழப்பு. அதிலிருந்து மிதமான முதுமைத் தேய்மானம் மறதி நோயைக் கொண்டுவரும் என்று தாவுவது அவசரம்.

செயற்கை உறுப்பும் வந்துகொண்டிருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 8 பேருக்குக் குழல்களின் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவியைப் பொருத்தியதில் நடை மேம்பட்டது என்று 2021-இல் எழுதினார்கள். விலையாக, பொருத்திய காதில் பலருக்குக் கேட்கும் திறன் குறைந்தது. முழுமையாக இழந்தவர்களுக்கான வழி இது. எண்பது வயதின் தள்ளாட்டத்துக்கு அல்ல.

அதற்கென்று இருப்பது 1940களில் லண்டனின் காதர்னும் குக்சியும் வகுத்த பயிற்சிதான். போரில் தலையில் அடிபட்டவர்களுக்காக உருவானது. கண்ணை மட்டும் அசைப்பதில் தொடங்கி, தலையை அசைத்தபடி ஒரு புள்ளியைப் பார்ப்பது, கண்ணை மூடி எழுந்து நிற்பது, நடந்துகொண்டே பந்து பிடிப்பது என்று போகும். பொதுவான சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்து 2019-இல் நடந்த காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி முதியவர்கள் விழும் வீதத்தை 23 சதவீதம் குறைப்பதாகக் கணக்கிட்டது. இவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்பட்ட மருந்து இந்தத் துறையில் இல்லை. பயிற்சியின் தொல்லை என்னவென்றால், அது வேலைசெய்வதே சுற்றலை வேண்டுமென்றே கிளறிவிட்டுத்தான். விழி நழுவும் பிழை நேர்ந்தால்தான் சிறுமூளை திருத்தும். எனவே முதல் சில நாள் கிறுகிறுப்பு கூடியதாகவே தோன்றும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாவிட்டால் அம்மா மூன்றாம் நாள் பயிற்சித் தாளை மடித்து வைத்துவிட்டு, மகனை மருந்துக்கடைக்குப் பழைய சீட்டோடு அனுப்புவார்.